வெடித்ததா? வெடித்தானா?

விருதுநகர் மாவட்டத்தில் ஆலங்குளம் என்று ஓர் ஊர். (தென்காசி மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. அது வேறு!) இங்கே நல்ல மழை பெய்தால், "குளம் நெறஞ்சிருச்சு" என்பார்கள். தண்ணீர் பிடித்து வந்த பெண்ணோ, "குடத்தை நெறச்சிட்டேன்" என்பாள்.

நிறைந்தது, நிறைத்தேன். ஒரே சொல்தான். நடுவில் ஓர் எழுத்து மட்டும் மாறிவிட்டது. மெல்லினம் போய் வல்லினம் வந்தது. அவ்வளவில், தானாக நடந்த காரியம் ஒருவர் செய்த காரியமாகிவிட்டது!

சட்டி உடைந்தது என்றால் யாரையும் திட்ட முடியாது. உடைத்தான் என்றால் முதுகில் இரண்டு விழும். விளக்கு அணைந்தது, அணைத்தாள். வண்டி ஓடியது, ஓட்டினான். ஆலங்குளத்தில் அரசு சிமெண்டு ஆலை 1970-ல் ஓடத் தொடங்கியது. ஆலை ஓடியது என்கிறோம். ஓட்டியவர்கள் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

எல்லா வினையும் இந்தக் கணக்குக்கு அடங்கிவிடாது. துணி காய்ந்தது சரி. அதற்காக "துணியைக் காய்த்தாள்" என்று சொன்னால் ஊர் சிரிக்கும். காய்ப்பது மரம்!

முதல் கேள்வி

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது பலருக்கு நினைவிருக்கும். திருந்தினான், திருத்தினான் என்று வாத்தியார் எழுதிப் போடுவார். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வினையியல் என்று தனி இயலே வகுத்தார். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஒரு வினைச்சொல் ஆறு செய்திகளைத் தரும் என்றார். அந்த ஆறில் அவர் முதலில் வைத்தது எது தெரியுமா? செய்தவன் யார் என்பதைத்தான்.

பட்டாசுத் தொழிலுக்கு வருவோம். மருந்தைக் கலக்குகிறார்கள். குழாயில் அடைக்கிறார்கள். திரி வைக்கிறார்கள். வெயிலில் உலர்த்துகிறார்கள். எல்லாம் ஆள் உள்ள வினைகள். கலக்கும் கையும் அடைக்கும் விரலும் சொல்லிலேயே தெரிகின்றன.

ஆனால் வெடி?

"பட்டாசு வெடித்தது" என்கிறோம். "பையன் பட்டாசு வெடித்தான்" என்றும் சொல்கிறோம். நிறைந்தது, நிறைத்தது போல இதற்கு ஜோடி இல்லை. தானாக வெடித்தாலும் வல்லினம்; ஒருவன் வெடித்தாலும் அதே வல்லினம்! உரசு என்ற சொல்லும் இப்படித்தான். இரண்டு பொருள் உரசின, குச்சியை உரசினான். வெடிமருந்து உரசினால் தீப்பிடிக்கும் என்பதை இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளையும் அறியும். அந்த உரசலுக்கும் வெடிக்கும் ஆளைக் காட்டித் தரும் எழுத்து மட்டும் தமிழில் அமையவில்லை.

ஒரு செப்டம்பர் மாதம்

2012 செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்தவர்களும் அவர்களில் உண்டு.

"ஆலை வெடித்தது." இலக்கணப்படி இந்த வாக்கியத்தில் பிழையே இல்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. ஆனால் ஆலை தானாக வெடிக்குமா? அளவுக்கு மேல் மருந்தைக் குவித்தது யார்? ஓர் அறையில் கூடுதலாக ஆளை உட்கார வைத்தது யார்? "வெடித்தது" என்று முடித்துவிட்டால் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை.

"மருந்து கூடுதலாகக் கலக்கப்பட்டது" என்று எழுதினாலும் ஆள் மறைந்துதான் போகிறான். ஆனாலும் அது எவ்வளவோ மேல். கலக்கப்பட்டது என்றால், "யாரால்?" என்று ஒருவர் திருப்பிக் கேட்கலாம். "கவனக்குறைவு" என்று எழுதும்போதோ வினைச்சொல்லே கிடையாது. யாருடைய கவனம் என்று அது சொல்வதில்லை. பெரும்பாலும் அது இறந்தவன் தலையில் போய் விழுகிறது. பதில் சொல்ல அவன் இல்லையே!

பட்டாசு ஆலையில் மகனைப் பறிகொடுத்த தாயிடம், அவன் அங்கே என்ன வேலை பார்த்தான் என்று கேட்டால், "மருந்து அடைச்சான்" என்பாள். யார் அடைக்கச் சொன்னது என்று கேட்டால், அதற்கும் அவளிடம் ஒரு பெயர் இருக்கும்.