தொழுநோயாளிக்கு மருந்தும் வீட்டுப் பணிவிடையும்

குஷ்டரோகம் என்று முன்னோர் அஞ்சிய தொழுநோய் இக்காலத்தில் மருந்தினால் முற்றிலும் தீரக்கூடியது. ஆயினும் அந்நோயினால் கை கால்கள் பழுதுறுவோர் இன்னும் உளர். நோயைத் தாமதித்துக் கண்டறிவதும், மருந்தைப் பாதியில் நிறுத்துவதும், மரத்துப்போன உறுப்பைப் பேணாது விடுவதுமே இதற்கு முக்கிய காரணங்களாம். இவற்றுள் பின்னிரண்டையும் தடுப்பது பெரும்பாலும் நோயாளியின் வீட்டாரைப் பொறுத்தது.

இந்நோயை உண்டாக்கும் கிருமியை நார்வே தேசத்து ஹான்சன் என்பவர் 1873ஆம் வருஷத்தில் கண்டறிந்தார். அது தோலையும் நரம்புகளையும் பற்றுவது. நரம்பு கெட்டால் சூடும் வலியும் தெரியா. 1946ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் நோயினால் தாமே உதிர்வதில்லை என்பதைக் கண்டார். உணராமற் பட்ட காயமும் தீப்புண்ணும் மீண்டும் மீண்டும் நேர்வதாலேயே அவை தேய்கின்றன. உறங்குகையில் எலி கடிப்பதும் சிலருக்குத் தெரியவில்லை. ஆகவே வீட்டிற் பூனை வளர்க்கும்படி நோயாளிகளுக்குச் சொல்லப்பட்டது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955ல் ஏற்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இவ்வழியிற் பெருந்தொண்டு செய்துள்ளது.

முன்னர் டாப்சோன் என்னும் ஒரு மருந்தே பல்லாண்டுகள் கொடுக்கப்பட்டு வந்தது. அதற்குக் கிருமி அடங்காமற் போகவே, பல மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் முறையை உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 1981ல் வகுத்தது. வயது வந்தோருக்கு மாதம் ஒருமுறை ரிபாம்பிசின் 600 மில்லிகிராமும் குளோபாசிமின் 300 மில்லிகிராமும், நாள்தோறும் டாப்சோன் 100 மில்லிகிராமும் குளோபாசிமின் 50 மில்லிகிராமும் தருவது அம்முறை. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் உண்ண வேண்டும். எத்தனை மாதம் என்பதை வைத்தியரே நிர்ணயிப்பார்.

மருந்து 28 நாளைக்கு ஓர் அட்டையாக இலவசமாகக் கிடைக்கிறது. முதல்நாள் மருந்தைச் சுகாதார ஊழியர் எதிரில் விழுங்க வேண்டும். மற்ற நாட்களில் வீட்டாரில் ஒருவர் பார்த்துக் கொடுப்பது நலம். ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுத்தலாகாது. ஒருவருக்குரிய அட்டையைப் பிறருக்குப் பகிர்ந்தளிப்பதும், பெரியோர் மாத்திரையைக் குழந்தைகளுக்கு உடைத்துக் கொடுப்பதும் அபாயம். காமாலை, இரத்தசோகை, க்ஷயரோகம் இருந்தாலும், வேறு மருந்தோ கருத்தடை மாத்திரையோ உட்கொண்டு வந்தாலும் தொடக்கத்திலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

மருந்தின் குணங்களை அறியாமையாலேயே சிலர் அதனை நிறுத்திவிடுகின்றனர். ரிபாம்பிசின் உண்ட அன்று சிறுநீர் சிவந்து போகும். குளோபாசிமினால் தோல் கறுக்கும். இரண்டும் தீங்கற்றவை. மருந்து முடிந்தபின் கறுப்பும் சில மாதங்களில் படிப்படியாக மறையும். ஆனால் உடலெங்கும் தடிப்பு, ஜுரம், கண் மஞ்சளித்தல் என்பவை, சிறப்பாக முதல் சில வாரங்களில், தோன்றினால் டாப்சோன் ஒவ்வாமையாயிருக்கலாம். உடனே மருந்தை நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மாறாக, பழைய படைகள் சிவந்து வீங்குதலும், நரம்பு வலித்தலும், கை கால் திடீரெனத் தளர்தலும் நோயின் எதிர்விளைவாம். அப்போது மருந்தை நிறுத்தாமலே அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். சில நாள் தாமதித்தாலும் நரம்பு நிரந்தரமாகக் கெடலாம். அதற்கென அளிக்கப்படும் பிரெட்னிசலோன் மாத்திரையைத் திடீரென நிறுத்துதலும் கூடாது.

கிருமி ஒழிந்த பின்னும் மரத்த உறுப்பு பெரும்பாலும் மரத்ததாகவே இருக்கும். ஆகையால் நாள்தோறும் கை கால்களைக் குளிர்ந்த நீரில் சுமார் 20 நிமிஷம் ஊறவைத்து, காய்ப்பைக் கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரத்தின்மேலேயே எண்ணெய் தடவுக. விரலிடுக்கு, உள்ளங்கால் முதலியவற்றைத் தினமும் கண்ணாற் பார்க்க வேண்டும். நோயாளிக்குக் குனிந்து பார்க்க முடியாவிடில் வீட்டார் பார்க்கலாம். புண் கண்டால் கழுவிச் சுத்தமான துணியாற் கட்டி, அக்காலை ஊன்றாமல் ஓய்வளிப்பதே முதற் சிகிச்சை. சூடான பாத்திரத்தைத் துணி கொண்டே பிடிக்க வேண்டும். இமை மூடாத கண்ணைத் தூசியினின்று காத்தல் அவசியம். மெத்தென்ற நுண்துளை ரப்பரால் அடிப்பாகம் அமைத்து வேலூர், கரிகிரி முதலிய இடங்களில் செய்யப்பட்ட செருப்புகள் பலரது பாதத்தைப் புண்ணினின்று காத்துள்ளன. ஆணி தைத்த செருப்பு இவர்களுக்கு ஆகாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவோர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் கை மரத்ததாயின், சுண்ணாம்பு அரிப்பதை அது அறியாது. அத்தகையோருக்குக் கையுறையும், தகுந்த வேறு வேலையும் அளித்தல் முறையாகும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே தொற்று நீங்கிவிடுவதால், அவரை வேலையினின்று விலக்க நியாயமில்லை. பிழைப்புப் போய்விடும் என்ற அச்சமே பலரை நோயை மறைக்கச் செய்கிறது. மறைத்த நோயே கையைக் கெடுக்கிறது. ஆகவே உணர்ச்சியற்ற படையுள்ள அங்கத்தினரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வதும், செருப்புக்குச் சிறுகடன் அளிப்பதும், அவருடைய வேலையைக் காப்பதும் கூட்டுறவுச் சங்கம் ஒன்று எளிதிற் செய்யக்கூடிய காரியங்களாம்.