மலைப் பாதையில் காது அடைப்பது ஏன்? வாந்தி வருவது ஏன்?



சுவர்ப் பத்திரிகைக்காக வகுப்பில் வைத்த கேள்விப் பெட்டியை இந்த மாதம் திறந்து பார்க்கும் வேலை எனக்கு வந்தது. "மனித உடலைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று பெட்டி மேல் எழுதி ஒட்டியிருந்தோம். விக்கல் ஏன் வருது, கொட்டாவி ஏன் தொத்திக்குது என்று சில சீட்டுகள். மீதியெல்லாம் சொல்லி வைத்த மாதிரி ஒரே விஷயம்தான். சேலம் பஸ்! "டிரைவருக்கு மட்டும் ஏன் வாந்தி வர்றதில்ல?", "இறங்கும்போது காது ஏன் கம்முனு ஆயிடுது?", "எங்க அம்மாவுக்கு பஸ் பேரைச் சொன்னாலே குமட்டுது, இது வியாதியா?" இப்படி. விக்கலும் கொட்டாவியும் அடுத்த இதழுக்கு. இந்த இதழ் முழுக்க பஸ்தான்.

முதலில் காது, அது சுலபம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். உயரம் போகப் போக காற்றழுத்தம் குறையும் என்று நாம் படித்திருக்கிறோம். கணக்குப் போட்டால் சேலத்தில் இருப்பதைவிட ஏற்காட்டில் ஏழில் ஒரு பங்கு அழுத்தம் குறைவு. சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறதே, அது இதனால்தான். கடைக்காரர் காற்று அடைத்து ஏமாற்றிவிட்டார் என்று அவரைத் திட்டாதீர்கள். நீங்களே சோதித்துப் பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. அடுத்த முறை சேலம் போகும்போது, காலி தண்ணீர் பாட்டிலை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இறுக்கி மூடிப் பையில் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி அடிவாரம் போனதும் எடுத்துப் பாருங்கள். யாரோ கையால் நசுக்கின மாதிரி உள்ளே ஒடுங்கி இருக்கும்.

நம் காதிலும் அந்த மாதிரி ஒரு பாட்டில் இருக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்ற சின்ன அறை. அதில் காற்று உண்டு. அந்த அறையிலிருந்து தொண்டையின் மேல்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழல் போகிறது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு பார்த்தலோமியோ யூஸ்டேகி என்பவர் இதை விவரமாக எழுதினார். அதனால் அதன் பெயர் யூஸ்டேஷியன் குழல். சும்மா இருக்கும்போது இது மூடியே இருக்கும். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் ஒரு நொடி திறந்து மூடும். 'டப்'னு ஒரு சத்தம் கேட்குமே, அது இந்தக் கதவு திறக்கிற சத்தம்தான்.

மலை ஏறும்போது உள்ளே இருக்கிற காற்றுக்கு அழுத்தம் அதிகம். அது தானாகவே தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். இறங்கும்போது கதை தலைகீழ். வெளி அழுத்தம் கூடிக்கொண்டே வரும், செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். காற்று உள்ளே போக வேண்டும், ஆனால் குழலின் தொண்டைப் பக்க முனை மிருதுவானது. வெளி அழுத்தம் அதையே அமுக்கி மூடிவிடும். நாம்தான் விழுங்கி விழுங்கித் திறந்துவிட வேண்டும். அதனால்தான் ஏறும்போது பேசாமல் வருகிற கைக்குழந்தை இறங்கும்போது வீரிட்டு அழுகிறது. குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுத்தால் போதும், விழுங்க விழுங்க காது திறந்துகொள்ளும். பெரியவர்களுக்குப் புளிப்பு மிட்டாய். சளி பிடித்திருந்தால் குழல் வீங்கி அடைத்துக்கொள்ளும், வலி அதிகமாக இருக்கும். அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதக் கூடாது. அடைப்பும் வலியும் இரண்டு மூன்று நாளாகியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி வாந்தி. இதுதான் பெரிய விஷயம்.

"பித்தம் ஏறிடுச்சு" என்று நம் ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வயிறு காலியான பிறகும் குமட்டிக்கொண்டே இருந்தால் மஞ்சளாகக் கசப்பு நீர் வரும். அது உண்மையிலேயே பித்த நீர்தான். ஆனால் பித்தம் கடைசியில் வருவது. சண்டை ஆரம்பிக்கிற இடம் வயிறே இல்லை. அதுவும் காதுதான்! ஆனால் நடுச்செவி இல்லை, அதற்கும் உள்ளே இருக்கிற உட்செவி.

உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம். ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து சொம்பைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். சொம்பு திரும்பும், தண்ணீர் கொஞ்சம் பின்தங்கும். சுற்றிக்கொண்டே இருந்து டக்கென்று நிறுத்தினால் சொம்பு நின்றுவிடும், தண்ணீர் நிற்காது. தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் ஸ்கூல் கட்டடம் சுற்றுவது இதனால்தான். அந்தத் திரவம் அசைவதை நுண்ணிய மயிர் செல்கள் உணர்ந்து, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கின்றன.

வியன்னாவில் ராபர்ட் பாரனி என்று ஒரு காது டாக்டர் இருந்தார். நோயாளிகளின் காதைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது, கண் விழி தானாக ஆடியது. தண்ணீர் ஜில்லென்று இருந்தால் விழி ஒரு பக்கம் ஆடும், சூடாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஆடும் என்று அவர் கவனித்தார். தண்ணீரின் சூடோ குளிரோ உள்ளே உள்ள திரவத்தை ஓட வைக்கிறது என்று புரிந்துகொண்டார். இதற்காக 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் முதல் உலகப்போரில் பிடிபட்டு ருஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். (இந்தச் சோதனையை வீட்டில் தம்பி தங்கை காதில் செய்து பார்க்காதீர்கள்!)

சரி, பஸ்ஸுக்கு வருவோம். பின் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பஸ் வளைவில் திரும்புகிறது. "திரும்புறோம், சாய்றோம்" என்று காது சொல்கிறது. கண்ணோ முன்னால் இருக்கிற ஸீட்டின் முதுகைத்தான் பார்க்கிறது. "எதுவும் அசையலயே, எல்லாம் அப்படியேதான் இருக்கு" என்கிறது கண். மூளை யாரை நம்பும்? அடுத்த வளைவு வருகிறது, மறுபடி சண்டை. ரொம்ப நேரம் இந்தச் சண்டை நடந்தால் வேர்க்கும், வாயில் எச்சில் ஊறும், முகம் வெளிறிப் போகும், பிறகு வாந்தி. பஸ்ஸில் புத்தகம் படித்தால், செல்போன் பார்த்தால் சீக்கிரம் வருவதும் இதனால்தான். டிரைவருக்கு வளைவு வருவது முன்னாடியே தெரியும், திருப்புவதும் அவர்தான். அவருடைய கண்ணும் காதும் கையும் ஒரே செய்தியைச் சொல்வதால் மூளைக்குக் குழப்பம் இல்லை.

கண்ணும் காதும் சண்டை போட்டால் வயிறு ஏன் வாந்தி எடுக்க வேண்டும்? 1977-ல் மிஷெல் டிரைஸ்மன் என்ற விஞ்ஞானி ஒரு கருத்துச் சொன்னார். ஆதிகாலத்து மனிதன் விஷக் காயைத் தின்றால் தலை சுற்றும், கண்ணும் காதும் ஒத்துப்போகாது. அதனால் இந்த மாதிரி குழப்பம் வந்தாலே "ஏதோ விஷம் உள்ள போயிருக்கு, வெளியே தள்ளு" என்று மூளை உத்தரவு போடுகிறதாம். இது ஒரு கருத்துதான், நிரூபிக்கப்பட்டது இல்லை. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. மூளை நம்மைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது, பஸ் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வாந்திக்குக் காரணம் காதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கலாம். நான் படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கதைதான். அமெரிக்காவில் காதுகேளாதோர் படிக்கும் கேலடெட் கல்லூரியிலிருந்து 11 பேரை 1950-களின் கடைசியில் விண்வெளிப் பயண ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 10 பேருக்குச் சின்ன வயதில் மூளை உறைக் காய்ச்சல் வந்து உட்செவி பாதிக்கப்பட்டிருந்தது. அவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொந்தளிக்கிற கடலுக்குக் கூட்டிப் போனார்கள். அந்த 11 பேரும் ஜாலியாகச் சீட்டு விளையாடிக்கொண்டு இருந்தார்களாம். சோதனை செய்ய வந்த விஞ்ஞானிகள்தான் வாந்தி எடுத்து எடுத்துச் சோதனையையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது! எந்த உறுப்பு பழுதானதோ, அதுவே அவர்களைக் கடலில் காப்பாற்றியது. (காது கேளாத எல்லோருக்கும் இப்படி இல்லை. சமநிலை உறுப்பும் பழுதானவர்களுக்கு மட்டும்தான்.)

அப்படியென்றால் பஸ்ஸில் வாந்தி எடுப்பது நல்ல காது இருப்பதற்கு அடையாளம். பலவீனமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்தார், பயணம் முழுக்க அவருக்குக் குமட்டல்தான். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இது வருவது அபூர்வம். பத்து வயதை ஒட்டி அதிகமாக இருக்கும், அதாவது ஆறாம் வகுப்புக்காரர்கள்தான் பாவம். அவர்களைத்தான் டூர் பஸ்ஸில் எல்லாரும் சேர்ந்து கிண்டல் பண்ணுகிறோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால் எங்கள் ஆயாவுக்காக. ஆயாவுக்கு ஒரு கண்ணில் புரை. "சேலத்துக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கங்க, பார்வை வந்துடும்" என்று முகாமில் டாக்டர் சொல்லிவிட்டார். தேதியும் குறித்தார்கள். ஆயா போகவே இல்லை. இரண்டாவது தேதியும் போச்சு. ஊசிக்கும் பயமில்லை, ஆபரேஷனுக்கும் பயமில்லை. "அந்த பஸ்ல ஏறுனா கொடலே வெளிய வந்துடும் கண்ணு, நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்பார். வீட்டில் எல்லாரும் "உனக்கு மனசுதான் சரியில்ல" என்று திட்டினார்கள். ஒரு கண் பார்வைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நின்றது 20 வளைவுதான். நம் ஊரில் எத்தனை வீட்டில் இப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

மனசுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். 1995-ல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கடற்படைப் பயிற்சி மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் "உங்களுக்குக் கடல் ஒத்துக்கும், வாந்தி வர வாய்ப்பு குறைவு" என்று சொல்லிவிட்டுக் கப்பலில் அனுப்பினார்கள். ஒன்றும் சொல்லாமல் அனுப்பப்பட்டவர்களைவிட இவர்களுக்குத் தொந்தரவு குறைவாக இருந்தது. பஸ் ஏறும் முன்பே "ஆயா, பை எடுத்துக்கிட்டியா? நீ எப்படியும் வாந்தி எடுப்ப" என்று நாங்கள் சொன்னது எவ்வளவு தப்பு பாருங்கள்! பைய எடுத்துக்கணும், ஆனா பேசாம எடுத்துக்கணும்.

மூன்றாவது தேதிக்கு ஆயாவை இப்படித்தான் கூட்டிப் போனோம். காலையில் இரண்டு இட்லி. வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஸீட்தான் அதிகமாகத் தூக்கிப் போடும், அதனால் முன் ஸீட்டில் இடம் பிடித்தோம். ஜன்னலைத் திறந்துவிட்டோம். பக்கத்தில் ஓடுகிற மரத்தைப் பார்க்காமல் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொன்னோம், தலையை ஸீட்டில் சாய்த்துக்கொள்ளச் சொன்னோம். கண்ணை இறுக மூடிக்கொள்வதும் நல்லதுதான், கண்ணே பேசாவிட்டால் சண்டை ஏது? ஆயா கையில் எலுமிச்சம்பழம், இடுப்பில் இஞ்சித் துண்டு. இஞ்சிக்குச் சில ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது, சிலவற்றில் தெரியவில்லை. ஆயாவுக்கு அதில் நம்பிக்கை, நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாந்தி வந்தாலும் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னோம். வளைவில் எதிரே வருகிற லாரி எவ்வளவு ஒட்டிப் போகும் என்று பார்த்திருப்பீர்கள்.

டாக்டரைக் கேட்டு ஒரு மாத்திரையும் கொடுத்தோம். இந்த மாத்திரைகளுக்கும் ஒரு கதை உண்டு. 1947-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தோலில் தடிப்பு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அலர்ஜிக்காகப் புது மருந்து கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு டிராம் வண்டி ஒத்துக்கொள்ளாது. மருந்து சாப்பிட்ட நாட்களில் மட்டும் டிராமில் குமட்டவே இல்லை என்று அவரே கவனித்துச் சொன்னார். பிறகு கப்பலில் போன சிப்பாய்களுக்குக் கொடுத்துச் சோதித்து, பயண வாந்திக்கு மருந்தாக்கினார்கள். கண்டுபிடித்தது டாக்டரா, அந்த அம்மாவா என்று நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் கிடைக்கும் அவோமினும் அலர்ஜி மருந்து வகையைச் சேர்ந்ததுதான். இதைப் பஸ் கிளம்ப ஒரு மணி நேரமாவது முன்னால் போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு. தூக்கம் வரும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

ஆயா இறங்கும்போது வாந்தி எடுக்கவில்லை. காது மட்டும் அடைத்தது, மிட்டாய் கொடுத்தோம். ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும்போது பாதி மலையில் ஒரு தடவை எடுத்துவிட்டார். அன்று முன் ஸீட் கிடைக்கவில்லை. இப்போது அந்தக் கண்ணால் அரிசியில் கல் பொறுக்குகிறார்.

பெட்டியில் கடைசியாக ஒரு சீட்டு பாக்கி இருந்தது. "டிரைவர் சரி, கண்டக்டருக்கு ஏன் வர்றதில்ல? அவர் ஸ்டியரிங் பிடிக்கலையே?" நல்ல கேள்வி. ஒரு கண்டக்டர் அண்ணனிடமே கேட்டேன். "யாரு சொன்னா வராதுன்னு? வேலைக்கு வந்த முதல் பத்து நாளு தினமும் எடுத்தேன் பாப்பா, அப்புறம் பழகிடுச்சு" என்றார். தினமும் அதே ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து மூளை கணக்கைத் திருத்தி எழுதிக்கொள்ளும். மாலுமிகளும் இப்படித்தான் பழகுகிறார்கள். ஆனால் ராத்திரி வீட்டில் படுத்தால் கட்டில் இன்னும் வளைவு வளைவாகத் திரும்புகிற மாதிரி இருக்குமாம் அந்த அண்ணனுக்கு.

— 9-ஆம் வகுப்பு மாணவி