முந்தி எழுதியவர் யார்?



பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் உற்சவம் 18 நாள் நடக்கும். வனவாசம், அருச்சுனன் தவநிலை, தீமிதிப்பு என்று பாரதக் கதையே அங்கு திருவிழாவாகிறது. வில்லிபுத்தூராரைப் புரட்டிப் பாராதவருக்கும் கதை தெரியும். இரண்டு முதியவர்களைக் கேட்டால் இரண்டு விதமாக வரும். அதற்காக யாரும் சண்டை பிடிப்பதில்லை.

அந்த ஊரிலிருந்து நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். குழந்தை இயேசுவைக் காண மத்தேயுவில் கிழக்குத் தேசத்துச் சாஸ்திரிகள் வருகிறார்கள். லூக்காவில் மேய்ப்பர்கள் வருகிறார்கள். "இதில் எது பொய்? அம்மா இராத்திரியில் வாசித்துக் காட்டிய புத்தகத்தை நான் இனி எப்படி வாசிப்பது?" என்பது அவர் கேள்வி. (சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது.)

முதலில் காலக்கணக்கு. இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழ கி.பி. 30இல். புதிய ஏற்பாட்டில் மிகப் பழைய எழுத்து சுவிசேஷம் அல்ல, பவுல் 50களில் எழுதிய நிருபங்களே. ரோமர் 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். அதை ஒட்டி மாற்கு, 80, 90களில் மத்தேயுவும் லூக்காவும், நூற்றாண்டின் இறுதியில் யோவான் என்பது பெரும்பாலான ஆய்வாளர் துணிபு. இன்னும் முந்திய காலம் கூறுவோரும் உளர். எப்படிப் பார்த்தாலும் முதல் சில பத்தாண்டுகள் கதை பெரிதும் வாயிலும் செவியிலுமே வாழ்ந்திருக்கிறது. எழுதியவர்களும் நூலுக்குள் தம் பெயரைச் சொல்லவில்லை. நான்கு பெயர்களையும் நான்கு நூல்களோடு சேர்த்துச் சொல்பவர் 180 அளவில் எழுதிய லியோன் நகர ஆயர் இரேனியஸ்.

கல்முனையில் மௌலவி நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அறிவிப்பாளர் வரிசை எங்கே?" என்றார். ஹதீஸ் கலையில் பழகியவர் அப்படித்தான் கேட்பார். யார் யாரிடம் கேட்டார் என்ற அந்த வரிசை சுவிசேஷங்களில் இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் நூல்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். 1776இல் ஜேர்மனிய அறிஞர் கிறீஸ்பாக், மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் பக்கத்துக்குப் பக்கம் நிரலாக அச்சிட்டு வெளியிட்டார்.

அப்படி வைத்துப் பார்க்கும்போது ஓர் இடம் கண்ணில் குத்துகிறது. வரப்போகும் அழிவைப் பற்றி இயேசு சீடர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவே, இதை வாசிப்பவன் விளங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு குறிப்பு வருகிறது. வாயால் பேசுகிறவர் "வாசிப்பவன்" என்பாரா? நான் இந்த ஒலிவாங்கியின் முன் "வாசகர்களே" என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அது எழுதியவர் இடையில் செருகிய குறிப்பு என்பதே பலர் கொள்ளும் விளக்கம். அதே குறிப்பு மாற்கு 13இலும் மத்தேயு 24இலும் அதே இடத்தில் நிற்கிறது. இரண்டு விடைத்தாளில் ஒரே பிழை ஒரே வரியில் இருந்தால் பரீட்சகர் என்ன முடிவுக்கு வருவார்? வாய்வழி மரபு மட்டும் போதாது. ஒருவர் மற்றவரின் ஏட்டைப் பார்த்திருக்கிறார்.

யார் யாரைப் பார்த்தார்? மாற்குவின் ஏறத்தாழ 660 வசனங்களில் 600 அளவு ஏதோ ஒரு வடிவில் மத்தேயுவில் உண்டு. மாற்கு சுருக்கி எழுதியவர் என்றார் அகஸ்தீன். கிறீஸ்பாக்கும் மாற்குவைக் கடைசியில் வைத்தார். 1835இல் லாக்மன், 1838இல் வைஸ்ஸே ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பின்னரே கருத்து மெல்லத் திரும்பியது. சுருக்குபவர் மலைப்பிரசங்கத்தையும் பிறப்புக் கதையையும் விடுவாரா? மாற்குவின் கிரேக்கம் கரடுமுரடானது. "உடனே, உடனே" என்று ஓடும். சீரான நடையைப் பார்த்து யாரும் கரடாக எழுதுவதில்லை. இன்னொன்று: சொந்த ஊரில் இயேசுவால் பெரிய அற்புதம் செய்ய முடியவில்லை என்கிறது மாற்கு; அவர் அதிகம் செய்யவில்லை என்கிறது மத்தேயு. சங்கடமான சொல்லை மழுப்புவது பின்னால் வருபவர் வேலை.

மாற்குவில் இல்லாமல் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவாக 200க்கு மேற்பட்ட வசனங்கள் உண்டு. அவை மறைந்துபோன ஒரு வாசகத் தொகுப்பிலிருந்து வந்தன என்பர். ஊற்று என்னும் பொருளுள்ள ஜேர்மன் சொல்லின் முதலெழுத்தால் அதைக் 'கியூ' என்பார்கள். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடியில் 114 வாசகங்கள் கொண்ட தோமா சுவிசேஷம் கிடைத்தபோது, வாசகத் தொகுப்பு என்றொரு நூல்வகை இருந்தது உறுதியாயிற்று. ஆனால் கியூவின் ஓர் ஏடுகூட இதுவரை கிடைக்கவில்லை. லூக்கா மத்தேயுவையே பார்த்திருந்தால் கியூ எதற்கு என்று 1955இல் ஒக்ஸ்போர்ட் அறிஞர் ஒஸ்ரின் பாரர் கேட்டார். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. 2000இல் கியூவுக்கு ஆய்வுப் பதிப்பே வந்துவிட்டது! காணாத ஏட்டுக்குப் பதிப்பு என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

இனி நேயரின் கேள்வி. சாஸ்திரிகளும் மேய்ப்பர்களும் மாற்குவிலும் இல்லை, கியூவிலும் இல்லை. ஏரோது மன்னன் அஞ்சிய அரசனைப் புறதேசத்தார் வந்து வணங்கினர் என்பது மத்தேயு சொல்ல விரும்பிய செய்தி. ஏழைகளே முதலில் கண்டார்கள் என்பது லூக்காவின் செய்தி. ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த மரபிலிருந்து எழுதினார்கள். 'எது பொய்' என்ற கேள்விக்கு இந்த ஆய்வு பதில் சொல்லாது. யார் எதை, ஏன் சொன்னார் என்பதையே அது தேடுகிறது.

இந்த வேறுபாடு ஆதிச் சபைக்குத் தெரியாததும் அல்ல. 170 அளவில் தத்தியான் என்பவர் நான்கையும் பின்னி ஒரே கதையாக்கினார். நம் நத்தார் நாடகங்களைப் போல அதில் சாஸ்திரிகளும் உண்டு, மேய்ப்பர்களும் உண்டு. சிரியத் திருச்சபைகள் அதை விரும்பி வாசித்தன. 5ஆம் நூற்றாண்டில் சீருஸ் நகர ஆயர் தியோடொரெட், தம் பகுதிச் சபைகளில் அதன் பிரதிகள் 200க்கு மேல் கண்டதாகவும், அவற்றைத் திரட்டி ஒதுக்கிவிட்டு நான்கு சுவிசேஷங்களையும் வைத்ததாகவும் தாமே எழுதியிருக்கிறார். தத்தியான் வம்சவரலாறுகளை வெட்டிவிட்டார் என்பது அவர் முறைப்பாடு. யோசேப்பின் தகப்பன் மத்தேயுவின் வரலாற்றில் யாக்கோபு, லூக்காவின் வரலாற்றில் ஏலி. அந்த இரண்டும் அப்படியே திரும்பி வந்தன. உங்கள் அம்மாவின் புத்தகத்திலும் அவை இருக்கும்.