சுவர்ப் பூச்சு ஏன் அடியிலிருந்தே உதிர்கிறது?

யாழ்ப்பாணத் தீவகத்து நாரந்தனைப் பக்கம் ஈரம் ஏறிய பழைய சுவர் ஒன்றைத் தட்டிப் பாருங்கள். மேலே பூச்சு திடமாக இருக்கும். முழங்கால் உயரத்துக்குக் கீழே பொருமி, பொலபொலவென்று கொட்டும். ஏன்?

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, சுவரின் நுண்துளைகள் நிலத்து ஈரத்தை இழுக்கின்றன. தீவு நிலமல்லவா, கூடவே உப்பும் ஏறுகிறது.

வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அது பூச்சுக்குள் பளிங்காகி வளர்ந்து, பூச்சை வெளியே தள்ளும்.

சீமெந்து பூசி மறைக்கலாமா? இறுகிய சீமெந்து ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உப்பு பின்னால் சேர்ந்து, பூச்சைத் தகடு தகடாகக் கழற்றும். முருகைக்கல்லைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்புச் சாந்தோ ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

புது வீடு கட்டுகிறீர்களா? அத்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் படை போடுங்கள். கழுவாத கடல் மணலைச் சாந்தில் சேர்க்காதீர்கள்.