உப்புக்காற்றில் படச்சட்டம்

படச்சட்டம் என்பது படத்துக்கு அழகு சேர்க்கும் விளிம்பு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் தாளில் அச்சான ஒரு படத்தைத் தூசி, ஈரம், பூச்சி, கைபடுதல் ஆகியவற்றிலிருந்து காக்கும் தட்டையான பெட்டி என்று அதைக் கொள்வதே பொருத்தமாகும். இந்தப் பெட்டியின் முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் ஹார்ட்போர்டு அட்டை, நான்கு ஓரங்களும் கடைக்காரர்கள் பீடிங் என்று குறிப்பிடும் வார்ப்புப் பட்டைகள். இவ்வேலைக்குத் தமிழ்நாட்டில் 'பிரேம் போடுதல்' என்ற பெயரோடு 'கண்ணாடி போடுதல்' என்ற பெயரும் வழங்குகிறது. இரண்டாவது பெயரே உண்மைக்கு நெருங்கியது, ஏனெனில் சட்டத்தின் தேவை பிறந்தது கண்ணாடியின் தேவையிலிருந்துதான்.

துணியில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியத்துக்குக் கண்ணாடி கட்டாயமன்று. தாளில் அச்சிட்ட படம் கண்ணாடி இல்லாமல் சில மழைக்காலங்களைக்கூடத் தாண்டாது. ராஜா ரவிவர்மா 1894-இல் மும்பையில் தொடங்கிய கல்லச்சுக் கூடத்திலிருந்து தெய்வப் படங்கள் மலிவாக வெளிவந்து எளியவர் வீட்டுச் சுவரிலும் இடம்பிடிக்கத் தொடங்கியபோது, அவற்றுக்குக் கண்ணாடி போட்டுத் தரும் கடையும் ஊர்தோறும் தேவையாயிற்று. பின்னர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளில் ஏறியதும் இத்தொழிலுக்கு ஆண்டுதோறும் புதிய சரக்குக் கிடைத்தது. டிசம்பர் முடிந்ததும் நாட்காட்டியின் தேதித்தாள்கள் தீர்ந்துபோகும். சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராது. படப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு பிரேம் கடைக்கு வருவோர் இன்றும் உண்டு.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களுக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ள திருப்பாலைவனம், இத்தொழிலை விளங்கிக்கொள்ள உகந்த நிலப்பகுதியைச் சேர்ந்தது. (ஊர்ப் பெயரைக் கேட்டு மணல்வெளியைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, இது பாலை மரங்கள் அடர்ந்த வனம் என்ற பொருளில் வந்த பெயர்.) இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் கரையாகிய இப்பகுதியில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் ஆகிய மூவகை மக்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர், ஆகவே அம்மன் படமும், காபாவின் படமும், பழவேற்காட்டு மகிமை மாதாவின் படமும் ஒரே வகைச் சட்டத்துக்குள் அடங்குகின்றன. இவற்றோடு எல்லா வீட்டிலும் பொதுவாக இருப்பவை இரண்டு: மணமக்களின் புகைப்படம், மாலையும் பொட்டும் ஏறிய மறைந்தவரின் புகைப்படம்.

பிரேம் போடும் கைவினையின் நுட்பம் முழுவதும் மூலையில்தான் இருக்கிறது. பட்டையின் முனைகள் 45 பாகைச் சாய்வில் வெட்டப்பட்டு, இரு முனைகள் சேரும்போது 90 பாகை ஆக வேண்டும்; ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகைப் பிழை ஒரே பக்கமாக நேர்ந்தால், எட்டு வெட்டுகளுக்கும் சேர்ந்து 4 பாகையாகி, மூன்று மூலைகள் ஒட்டிய பின் நான்காவது மூலை வாய்பிளந்து நிற்கும். கடையில் மாட்டியிருக்கும் பிரேம்களின் நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பார்த்தாலே கடைக்காரரின் கைத்திறன் தெரிந்துவிடும்.

வெட்டின் சாய்வு கணக்கையும் மாற்றுகிறது. ஓர் அங்குல அகலமுள்ள பீடிங்கைக் கொண்டு 8×12 அங்குலப் படத்துக்குச் சட்டம் போடும்போது, படத்தின் சுற்றளவு 40 அங்குலமே என்றாலும், ஒவ்வொரு முனையிலும் சாய்வுக்காக ஓர் அங்குலம் கூடுதலாகப் போவதால், எட்டு முனைகளுக்கும் சேர்த்து 48 அங்குலம் தேவைப்படும். பட்டையைத் திருப்பிப் போட்டு இந்த இழப்பைத் தவிர்க்கவும் முடியாது. கண்ணாடியும் படமும் அட்டையும் அமரும் 'படி' எனும் பள்ளம் பட்டையின் ஒரு பக்கத்தில் மட்டுமே ஓடுவதால், வெட்டுக்கு வெட்டு ஒரு முக்கோணத் துண்டு வீணாகியே தீரும். பத்தடி நீளமுள்ள, அதாவது 120 அங்குலப் பீடிங்கில் இத்தகைய சட்டங்கள் இரண்டு போட்டபின் 24 அங்குலம் மிஞ்சும். அதைக் கொண்டு ஏறத்தாழ 3×5 அங்குலம் கொண்ட ஒரு சிறு சட்டம்தான் செய்யலாம். ஆனால் அந்த அளவில் படம் கொண்டுவரும் வாடிக்கையாளர் அரிது. மூலையில் குவிந்துகிடக்கும் இந்தத் துண்டுகளே சிறு கடையின் லாபத்தை மெல்ல அரிப்பவை. வேலையில்லாத பிற்பகலில் அவற்றை மேசைப் பிரேம்களாக்கி முகப்பில் வைப்பவருக்கு ரெடிமேட் பிரேம் என்பது வெளியிலிருந்து வந்த போட்டிச் சரக்கு மட்டுமன்று, தம் கடைக்குள்ளேயே பிறப்பதும் ஆகும்.

ஆயினும் ரெடிமேட் வணிகம் பெருகியதற்குக் காரணம் துண்டுகள் அல்ல, புகைப்படத்தாளின் அளவுகள். 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு காட்சி 24×36 மில்லிமீட்டர், அதாவது இரண்டுக்கு மூன்று என்ற விகிதம் கொண்டது. 4×6, 8×12, 12×18 அங்குல அச்சுகள் யாவும் அதே விகிதத்தின் பெருக்கங்கள். அளவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் படம் வருவதற்கு முன்பே சட்டத்தைச் செய்து அடுக்கிவிடலாம். நாட்காட்டியிலிருந்து கத்தரித்த சாமி படத்துக்கு அவ்வாறு நிலையான அளவு கிடையாது என்பதால் அது அளவெடுத்துச் செய்யும் வேலையாகவே நீடிக்கிறது. கைப்பேசிப் படங்கள் இந்த ஒழுங்கையும் குலைத்துவிட்டன: பெரும்பாலும் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் பதியும் அப்படத்தை 4×6 தாளை நிரப்பும்படி அச்சிட்டால் அரை அங்குலம் வெட்டுப்பட வேண்டும், அந்த அரை அங்குலம் பெரும்பாலும் யாரோ ஒருவர் தலையாக அமைந்துவிடுகிறது.

இதய வடிவில், மரத்தின் கிளைகளில் ஏழெட்டுப் படங்கள் தொங்குவதுபோல், ஓரத்தில் சிப்பியும் சோழியும் ஒட்டியதாய், உள்ளே சிறு மின்விளக்குகள் எரிவதாய் வரும் வேடிக்கைப் பிரேம்கள் ரெடிமேட் வணிகத்தின் அடுத்த கட்டம். சென்னைப் பூங்கா நகரில் கண்ணாடிக்கும் பிரேமுக்கும் பேர்போன தேவராஜ முதலி தெரு போன்ற மொத்தக் கடைத் தெருக்களிலிருந்து சிறு ஊர்க் கடைகளுக்கு இவை பயணப்படுகின்றன. இவற்றை வாங்குவோர் தம் வீட்டுச் சுவருக்காக வாங்குவதில்லை. பிறந்தநாள், காதுகுத்து, திருமணம் என்று அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கே வாங்குகின்றனர். ஆதலால் முகூர்த்த மாதத்தில் விற்பது ஆடியில் அசையாது. சென்ற ஆண்டு புதுமையாகத் தோன்றிய வடிவம் இவ்வாண்டு தூசி படிந்து முதலை முடக்கும். ஒரு வடிவத்தில் இரண்டுக்கு மேல் வாங்கி வைக்காத கடைக்காரரே இவ்வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாதவர்.

இதே பிரேம் பேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும். இணையத்தில் இன்னும் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் அங்கே அது யாரோ ஒரு மாடல் குழந்தையின் அச்சுப்படத்தோடு வெற்றுச் சட்டமாக விற்கப்படுகிறது. இதய வடிவத்துக்கு ஏற்ற புகைப்படத்தாள் எங்கும் அச்சாவதில்லை. படத்தை அச்சிட்டு, முகம் ஓரத்தில் சிக்காமல் வளைவுக்கு ஏற்பக் கத்தரித்து, பின்னட்டையை இறுக்கி, கொக்கியை மாற்றிக் கையில் கொடுப்பது பிரேம் கடையில்தான் நடக்கும். ரெடிமேட் பிரேம் உண்மையில் பாதி செய்யப்பட்ட பொருளே. மறுபாதி விற்பவர் கையில் இருக்கிறது, சிறு கடையின் லாபமும் அந்த மறுபாதியில்தான் இருக்கிறது.

கடலோரத்தில் அந்த மறுபாதியின் முக்கியத்துவம் இன்னும் கூடுகிறது. காற்றோடு வந்து படியும் உப்புத்துகள், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும் இயல்புடையது; ஏரிக்கரை இரவுகளில் இந்த எல்லையை எட்டுவது அரிதன்று. அவ்வாறு கரையும் உப்பு முதலில் பின்புறத்து இரும்பு ஆணிகளைத் துருவாக்கி, அத்துருவை அட்டையில் கறையாக இறக்கும். மரப் பீடிங்குக்குக் கரையானும், தாளுக்கும் பசைக்கும் இராமபாணப் பூச்சியும் காத்திருக்கும். கடைகளில் சிந்தடிக் என்றும் ஃபைபர் என்றும் சொல்லப்படும் பாலிஸ்டைரீன் பீடிங் மரத்தின் அழகுக்கு ஈடாகாது என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் தெர்மாகோலின் உறவான இந்தப் பிளாஸ்டிக் ஈரம் குடிப்பதில்லை, கரையானும் அதைத் தின்று வாழ முடியாது என்பதால் இக்கரைக்கு அதுவே ஏற்றதெனலாம்.

எல்லாவற்றையும்விடப் பெருங்கேடு விளைவிப்பது படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதுதான். புகைப்படத்தாளின் மேற்பரப்பில் உள்ள ஜெலட்டின் எனும் புரதப்பூச்சு ஈரத்தில் இளகி, கண்ணாடியை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் பசைபோல் பற்றிக்கொள்ளும். மலிவான ரெடிமேட் பிரேம்களில் படமும் கண்ணாடியும் இடைவெளியின்றி அழுந்தியிருப்பதால் இந்த ஆபத்து அவற்றில் அதிகம். இரண்டுக்கும் நடுவே மவுண்ட் எனப்படும் தடித்த அட்டை ஓரத்தை வைத்தால் காற்றுக்கு இடம் கிடைத்துப் படம் தப்பும். இந்த அட்டைக்கென்று கூடுதலாகச் சிறு தொகை கேட்கும் கடைக்காரரை வாடிக்கையாளர் சந்தேகமாகப் பார்ப்பது வழக்கம். ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்க முயன்றால் முகத்தின் தோல் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஆகவே மறைந்தவரின் ஒரே படம் இந்நிலையில் கடைக்கு வரும்போது, விவரமறிந்தவர் அதில் கைவைக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து புதுப்படம் அச்சிட்டு, அதற்குப் புதிய சட்டம் போட்டபின், பழையதையும் அப்படியே தாளில் சுற்றி வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.