அட்டெண்டன்ஸில் இல்லாத பேர்!

எட்டாம் வகுப்பு ஞாபகம் இருக்கா ஃப்ரெண்ட்ஸ்? பையன்களுக்குக் குரல் உடைஞ்சு, பேசினாலே க்ளாஸ் சிரிச்ச வருஷம். மேல் உதட்டுல பென்சிலால கோடு போட்ட மாதிரி மீசை எட்டிப் பார்க்க, கண்ணாடி முன்னாடி நின்னு அதைத் தடவித் தடவிப் பெருமைப்பட்ட வருஷம். பொண்ணுங்க வீட்டுல சடங்கு, பந்தல், தாய்மாமன் சீர்னு தடபுடல். உடம்பு மாறுறதை ஊரே கூடிக் கொண்டாடும்.

அதே பெஞ்ச்சுல, அதே மீசையைப் பார்த்து பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழுத ஒருத்தர் இருந்திருக்கலாம். அதே பந்தல்ல, பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு ‘இது நான் இல்லையே’னு உள்ளுக்குள்ள உடைஞ்சுபோன ஒருத்தர் இருந்திருக்கலாம். அவங்க பத்தாவது க்ரூப் போட்டோவில் இருந்தாங்களா? ப்ளஸ் டூ ஃபேர்வெல்லுக்கு வந்தாங்களா? யோசிச்சுப் பாருங்க. ‘அவன் பாதியிலயே நின்னுட்டான்டா’ என்பதுதான் பல பள்ளிகளில் பதில். ஏன் நின்னான்னு யாரும் கேட்டதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்கும் வெளியே பதிவானவர்கள் இந்தியா முழுக்க 4,87,803 பேர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 56 சதவிகிதம். நாட்டின் சராசரியோ 73. இது ஏதோ மூளை சம்பந்தப்பட்ட மேட்டர் இல்லை பாஸ். வீட்டுலேர்ந்தும் ஸ்கூல்லேர்ந்தும் சீக்கிரமே வெளியே தள்ளப்பட்டவங்களோட கணக்கு இது.

ஒன்பதுன்னா சிரிப்பு!

கணக்கு வாத்தியார் போர்டுல எழுதிக்கிட்டே ‘ஒன்பது’னு சொன்னதும், பின் பெஞ்ச்சுலேர்ந்து ஒரு கனைப்பு வரும். மொத்த க்ளாஸும் ஒரே ஒரு ஆளைத் திரும்பிப் பார்க்கும். வாத்தியாரும் சில சமயம் சிரிப்பார். ஒரு எண்ணைக் கேட்டா முதுகு வியர்க்கிற நிலைமையில உக்காந்து யாரால அல்ஜீப்ரா படிக்க முடியும்?

கேலியைவிட மோசமான விஷயம், கழிப்பறை. பையன்கள் டாய்லெட்டுக்குப் போனா கதவைத் தட்டுவாங்க, எட்டிப் பார்ப்பாங்க, சில இடங்கள்ல அதுக்கு மேலயும் நடக்கும். பொண்ணுங்க பக்கம் போனா வாட்ச்மேன் விரட்டுவார். அதனால காலையில கிளம்பினதுலேர்ந்து சாயங்காலம் வீடு திரும்புற வரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்காம இருக்கப் பழகிக்கிற பிள்ளைங்க உண்டு. சிறுநீர்த் தொற்று, வயித்து வலி, அடிக்கடி லீவு. கடைசியில அட்டெண்டன்ஸ் பத்தலைனு டி.சி. பேப்பர்ல காரணம் ‘தொடர்ந்து வரவில்லை’. ஒரே ஒரு தாழ்ப்பாள் போட்ட பொதுக் கழிப்பறை இருந்திருந்தா அந்தப் பிள்ளை படிச்சு முடிச்சிருக்கும்.

திருநங்கைகளைப் பற்றியாவது கொஞ்சம் பேசுகிறோம். திருநம்பிகள், அதாவது பெண்ணென்று வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்கள், கண்ணுலயே படுறதில்லை. ரெட்டை ஜடையும் பின் குத்தின துப்பட்டாவும் அவங்களுக்குத் தினசரி வேஷம். வீட்டுல அவங்களை வெளியே துரத்துறது குறைவு. உள்ளே பூட்டுறதுதான் அதிகம். ‘கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்’னு ப்ளஸ் டூ முடியும் முன்னாடியே ஜாதகம் எடுத்துடுவாங்க. படிப்பு போச்சு என்பது ரெண்டு பேருக்கும் பொதுதான்.

ரேஷன் கார்டுல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு

இந்தப் பிள்ளைங்களுக்கு முதல்ல என்ன தேவைனு கேட்டா, பலர் நேரா ஆபரேஷனுக்குப் போயிடுறாங்க. ஸ்கூல் வயசுல மேட்டர் அது இல்லவே இல்லை. முதல் தேவை ஒரு பேர். அவங்க தனக்குன்னு வெச்சுக்கிட்ட பேர்.

‘அதெப்படி, அப்பா அம்மா வெச்ச பேரை மாத்திக் கூப்பிடுறது?’ என்பவர்களுக்கு ஒரு கேள்வி. உங்க வீட்டுல உங்களை என்னனு கூப்பிடுறாங்க? ரேஷன் கார்டுல விஜயலட்சுமி, வாசல்ல ‘அம்மு’. சர்ட்டிஃபிகேட்ல சுப்பிரமணியன், ஊருக்கே ‘மணி’. தாத்தா பேரை வெச்ச மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாதுனு பிள்ளைக்கு இன்னொரு பேர் வெச்சுக் கூப்பிடுற ஊர் இது. ஒரு ஆளுக்கு ரெண்டு பேர், மூணு பேர் என்பது நமக்குத் தண்ணி பட்ட பாடு. இந்த ஒரு பிள்ளை கேட்கும்போது மட்டும் ஏன் தொண்டையில சிக்குது?

அமெரிக்காவில் 15 முதல் 21 வயது வரையிலான 129 திருநர் இளைஞர்களிடம் நடத்தப்பட்டு, 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் அளந்து பார்த்தது. வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள் என நான்கு இடங்கள். இவற்றில் கூடுதலாக ஓர் இடத்தில் விருப்பப் பேரால் கூப்பிடப்பட்டாலும், தற்கொலை எண்ணம் 29 சதவிகிதம் குறைவாக இருந்ததாம். சின்ன ஆய்வுதான், வேறு தேசம்தான். ஆனா ஒரு பேருக்கு அஞ்சு பைசா செலவில்லையே.

பள்ளிப் பதிவேட்டில் சட்டப்படியான பேர்தான் இருக்க வேண்டும் என்று ஹெச்.எம். சொன்னா, அதையும் சமாளிக்கலாம். ரோல் நம்பரைச் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுங்க. இல்லைன்னா இனிஷியலால கூப்பிடுங்க. நம்ம ஊர்ல பி.டி. சாரையே ‘எஸ்.கே. சார்’னுதானே கூப்பிடுறோம்!

ஒரு எச்சரிக்கை. நல்லா டான்ஸ் ஆடுற பையன் எல்லாம் திருநங்கை இல்லை. கிரிக்கெட் பேட்டோட அலையுற பொண்ணு எல்லாம் திருநம்பி இல்லை. ‘நீ அதுதானே?’னு முத்திரை குத்துறது டீச்சரோட வேலையும் இல்லை, ஃப்ரெண்டோட வேலையும் இல்லை. அந்தப் பிள்ளையா வந்து சொன்னா காது கொடுங்க. சொல்லலைன்னா, கேலி நடக்காம பார்த்துக்கிட்டாலே போதும்.

அப்பா அம்மாவுக்கும் யாராவது வேணும்

விஷயம் தெரிஞ்சதும் நம்ம வீடுகள்ல நடக்கிறது ஏறக்குறைய ஒரே திரைக்கதை. முதல்ல அடி. அப்புறம் மந்திரிப்பு, வேப்பிலை, குலதெய்வத்துக்கு வேண்டுதல். அதுவும் சரிப்படலைன்னா ‘குணப்படுத்துறேன்’ என்கிற டாக்டர். உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பால் அடையாளத்தை ‘மாற்றுகிறேன்’ என்று சிகிச்சை கொடுப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. ஆக, யாராவது ஊசி, ஷாக்னு ஆரம்பிச்சா, செருப்பை மாட்டிக்கிட்டு எழுந்து வந்துடுங்க.

ஆனா பெற்றோரை வெறும் வில்லனாப் பார்க்கிறதும் எனக்கு உடன்பாடில்லை. அந்த அம்மா யார்கிட்ட பேசுவாங்க? எதிர் வீட்டுல சொன்னா ஊர் பூரா பரவும். நாத்தனார்கிட்ட சொன்னா ‘உன் வளர்ப்பு’ம்பாங்க. பிள்ளைக்காவது கூகுள் இருக்கு, அம்மாவுக்கு அடுப்படி மட்டும்தான். அவங்களுக்கு அறிவுரையைவிட, இதே நிலைமையைத் தாண்டி வந்த இன்னொரு அம்மாதான் தேவை. 2017-ல் தொடங்கிய ‘ஸ்வீகார்’ இந்த மாதிரி பெற்றோர்களே சேர்ந்து நடத்தும் குழு. சென்னையின் ‘ஓரினம்’ குழு இரண்டாயிரங்களின் தொடக்கத்திலிருந்தே இளைஞர்களோடும் குடும்பங்களோடும் பேசி வருகிறது. 1998-ல் தொடங்கிய ‘சகோதரன்’, 2008-ல் கல்கி சுப்ரமணியம் தொடங்கிய ‘சகோதரி’ போன்ற அமைப்புகளும் உண்டு.

வீட்டுல சொல்லலாமா என்று தவிக்கிற தம்பி, தங்கைகளுக்கு: அவசரப்படாதீங்க. ஃபீஸ் கட்டுறதும் சோறு போடுறதும் அவங்கதான் என்கிற நிலைமையில, கோபத்துல ஒரு ராத்திரி போட்டு உடைச்சா நடுத்தெருவுல நிக்க வேண்டி வரலாம். ஒவ்வொரு குடும்பத்துலயும் மனசு இளகின ஓர் ஆள் இருப்பாங்க. அத்தையோ, சித்தப்பாவோ, எல்லாத்தையும் பார்த்துட்ட பாட்டியோ. முதல்ல அங்க ஆரம்பிங்க. இன்னொண்ணு, மெடிக்கல் ஷாப்ல சொந்தமா ஹார்மோன் மாத்திரை வாங்கி விழுங்குறது உயிருக்கே ஆபத்து. அதெல்லாம் டாக்டரோட மேற்பார்வையில, நிதானமா முடிவு பண்ண வேண்டிய விஷயம்.

வீடு கைவிட்டா ஜமாத் இருக்கிறது. அங்கே தனக்கென்று ஒரு அம்மா, அக்கா, பாட்டி என உறவுகள் கிடைக்கும். பல உயிர்களைக் காப்பாற்றியது அந்த உறவுதான், மறுப்பதற்கில்லை. ஆனா பதினஞ்சு வயசுல ஸ்கூல் பையோட வீட்டை விட்டு வர்ற பிள்ளைக்கு, பெரும்பாலும் அந்தப் பை அன்னியோட முடிஞ்சுபோகும். 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, நீதிமன்ற உத்தரவு இருந்தால் மட்டுமே முடியும் என்றது. பிரிக்கக் கூடாது, சரி. வீட்டுக்குள்ளயே அடி விழுந்தா? அதுக்குத்தான் கீழே நம்பர்கள்.

ஆர்டர் இருக்கு, ஆனா...

தமிழ்நாடு இந்த விஷயத்தில் லேட் இல்லை. பால் அடையாளத்தைக் காட்டிப் பள்ளி, கல்லூரியில் சேர்க்கை மறுக்கக் கூடாது, ஆசிரியர்கள் குடும்பத்துக்கு கவுன்சலிங் கொடுக்க வேண்டும் என்று அரசாணை வந்தது 2006 டிசம்பரில். நாட்டிலேயே முதல் முறையாக நல வாரியம் அமைந்தது 2008 ஏப்ரல் 15-ல். அதே ஏப்ரல் 15-ல், 2014-ம் ஆண்டு, உச்ச நீதிமன்றத்தின் ‘நால்சா’ தீர்ப்பு. 2024 பட்ஜெட்டில், திருநர்களின் உயர்கல்விக்கான கட்டணம், விடுதிச் செலவு எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று அறிவிப்பு.

எனக்குப் பிடித்தது 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு. இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துதான் எழுதினார். பெற்றோர் - ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், பொதுக் கழிப்பறை வையுங்கள், விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டம் போடுங்கள், சான்றிதழில் பேர், பாலினம் மாற்ற வழி செய்யுங்கள் என்று பள்ளி, கல்லூரிகளுக்குப் பட்டியலே போட்டார். அதே ஆண்டு என்.சி.இ.ஆர்.டி. ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு தயாரித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பரில் அதைத் தூக்கிவிட்டார்கள். டீச்சர்கள் படிக்க வேண்டிய பாடத்தையே எடுத்தாச்சு, அப்புறம் எங்கேர்ந்து மார்க் வரும்?

மேல் படிப்பில் மட்டும் ஃபீஸைத் தள்ளுபடி செய்தால் போதாது என்பது என் கட்சி. எட்டாவதிலேயே நின்ற பிள்ளை காலேஜ் வாசலுக்கு எப்படி வரும்?

தாக்குப்பிடிச்சு வந்தவங்க கதையைப் பாருங்க. சேலத்து பிரித்திகா யாஷினி கம்ப்யூட்டர் பட்டதாரி. எஸ்.ஐ. தேர்வு விண்ணப்பத்தில் தனக்கான கட்டமே இல்லாததால் கோர்ட்டுக்குப் போய், 2015-ல் ஜெயித்து, 2017-ல் காக்கிச் சட்டை போட்டார். கையில் டிகிரி இருந்தது, அதனால் வாதாட முடிந்தது. மதுரை நர்த்தகி நடராஜ் தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். சின்ன வயசிலிருந்து இன்றுவரை அவர் கூடவே இருக்கும் தோழி சக்தி பாஸ்கர். ரெண்டு பேருமே ஒரே மாதிரி உணர்வோட வளர்ந்தவங்க. ஊரே எதிரா நின்னப்பவும் ‘நீ ஒத்தை ஆள் இல்லை’னு சொல்ல ஒருத்தருக்கு இன்னொருத்தர் இருந்தாங்க.

கேம்பஸ்ல நீங்க

உங்க ஃப்ரெண்ட் ஒருநாள் கேன்டீன்ல, டீ ஆறிப்போற அளவுக்குத் தயங்கி, இதைச் சொல்றாங்கன்னு வெச்சுக்குங்க. ‘நான் உன்னை என்ன பேர்ல கூப்பிடட்டும்? யார் முன்னாடி கூப்பிடலாம், யார் முன்னாடி வேணாம்?’ இந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க. ரெண்டாவது ரொம்ப முக்கியம். ஹாஸ்டல்ல கூப்பிட்ட பேரை, அவங்க அப்பா போன்ல இருக்கும்போது கூப்பிட்டு வெச்சா முடிஞ்சது கதை. வேற யார்கிட்டயும் உளறாதீங்க, நல்ல எண்ணத்துலகூட.

காலேஜ்ல கலாய்ப்பு எல்லை மீறினா அது ராகிங். 2016-ல் யு.ஜி.சி. செய்த திருத்தத்தின்படி, திருநர் என்பதற்காக ஒருத்தரைக் கேலி செய்வதும் ஒதுக்குவதும் அதில் அடங்கும். புகாருக்கு 1800-180-5522. பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்து, வீட்டிலோ ஸ்கூலிலோ அடி, மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் 1098. போக்சோ சட்டத்துக்கு ஆண், பெண், திருநர் வித்தியாசம் கிடையாது, குழந்தைன்னா குழந்தைதான். பள்ளி சம்பந்தப்பட்ட உதவிக்கு 14417. ராத்திரி ரெண்டு மணிக்கு ‘இனிமே வாழ வேணாம்’னு தோணினா, தமிழிலேயே பேச 14416.

நம்பரை எழுதிக் கொடுத்துட்டு நகர்ந்துடாதீங்க. அந்த மாதிரி நேரத்துல போனை எடுக்கவே கை வராது. பக்கத்துல உக்காந்து, நீங்களே டயல் பண்ணி, ரிங் போனதும் அவங்க கையில கொடுங்க.