பர்மிங்ஹாம் அமெரிக்கன்ஸ்: ஒரே ஒரு சீசன் ஆடின சாம்பியன்

ஃபைனல்ல ஜெயிச்ச டீமோட ஜெர்சியை மேட்ச் முடிஞ்ச கையோட ஜப்தி பண்ணின கதை இது. நடந்தது அமெரிக்காவுல, அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரத்துல, 1974 டிசம்பர் 5.

என்எஃப்எல்லுக்குப் போட்டியா கேரி டேவிட்சன் ஆரம்பிச்ச வேர்ல்ட் ஃபுட்பால் லீக்குக்கு அது முதல் சீசன். பர்மிங்ஹாம் அமெரிக்கன்ஸுக்கு ஆரம்பத்துல நல்ல கூட்டம் வந்துச்சு. போகப்போகக் கூட்டமும் குறைஞ்சது, காசும் தீர்ந்தது. ஃபைனலுக்கு முன்னாடி பல வாரமா சம்பளம் இல்ல. (ரெண்டு நாள் லேட்டானாலே ஹெச்.ஆருக்கு மெயில் போடுற ஆள் நான்.) ஆட மாட்டோம்னு நின்ன பிளேயர்ஸ், ஜெயிச்சா சாம்பியன்ஷிப் மோதிரம் உண்டுன்னு சொன்ன பிறகுதான் இறங்கினாங்க. எதிர் டீம் ஃபுளோரிடா பிளேசர்ஸுக்கோ மாசக்கணக்கா சம்பள பாக்கி.

இந்த லீக்ல டச்டவுனுக்கு 6 இல்ல, 7 பாயின்ட். அதுக்கு மேல கூடுதலா 1 'ஆக்‌ஷன் பாயின்ட்' வேணும்னா, வழக்கம்போல பந்தை உதைச்சு எடுக்க முடியாது. ஓடியோ பாஸ் போட்டோதான் எடுக்கணும். பர்மிங்ஹாம் மூணு டச்டவுன்ல ஒரு தடவை மட்டும் அதை எடுத்துச்சு: 22-0. அப்புறம் ஃபுளோரிடாவும் மூணு டச்டவுன் போட்டுச்சு. ஆனா மூணு தடவையும் அந்த 1 பாயின்ட் கிடைக்கல. 22-21, அவ்வளவுதான்.

கொண்டாட்டம் அடங்குறதுக்குள்ள ஷெரிஃப் ஆட்கள் வந்துட்டாங்க. விளையாட்டுச் சாமான் வாங்கின இடத்துல பாக்கி. ஜெர்சி, ஹெல்மெட் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனாங்க.

டீம் அத்தோட முடிஞ்சது. 1975ல அதே ஊர்ல வல்கன்ஸ்னு புது டீம் வந்துச்சு. 12 மேட்ச்ல 9 ஜெயிச்சிருந்தப்போ, அக்டோபர்ல, லீக்கையே இழுத்து மூடிட்டாங்க.